சென்னைக்குக் குடிவருகிறீர்களா? கடலோரமா, ஊருக்குள்ளா என்று முடிவெடுக்கும் முன்

"அண்ணே, வேலை கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் வரேன். எந்த ஏரியால வீடு பாக்கலாம்? கடல் பக்கமா இருந்தா நல்லா இருக்கும்."

ஊரிலிருந்து வருடத்துக்கு நாலைந்து முறையாவது இப்படி ஒரு போன் வந்துவிடும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தொடங்கி, வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு, திருவான்மியூரில் ஒரு மாடி வீடு, இப்போது மயிலாப்பூர் என்று இந்த ஊரில் நான்கு இடங்களில் குடியிருந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு வீடு நல்ல வீடா என்பதைத் தண்ணீர், காற்று, டிசம்பர் மழை இந்த மூன்றும்தான் முடிவு செய்யும். மூன்றும் தெருவுக்குத் தெரு மாறும். அடையாறு, அண்ணா நகர் என்று பகுதியின் பெயரை மட்டும் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் படி: வந்ததும் வீடு எடுக்காதீர்கள்

ஒரு மாதம் எங்காவது தற்காலிகமாகத் தங்குங்கள். ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறையாக இந்த வேலையைச் செய்து வருகின்றன. கட்டிலும் அலமாரியும் போட்டால் நடக்க இடமிருக்காது, குளியலறை பொது. ஆனால் மாத வாடகைக்கு அறை கிடைக்கும், இறங்கினால் மெஸ் இருக்கும், பத்து நிமிடம் நடந்தால் மெரினா. பார்த்தசாரதி கோயில் பக்கத்தில் விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், கொஞ்சம் தள்ளி வாலாஜா மசூதியிலிருந்து பாங்கு கேட்கும். சென்னையைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பெண்களுக்கு அடையாறு, தி.நகர், வேளச்சேரி எல்லா இடத்திலும் தனியார் விடுதிகள் உண்டு. தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தோழி விடுதிகளை நடத்துகிறது. முதலில் அவற்றில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: அலுவலகத்தை வைத்துக் கோடு போடுங்கள்

கிழக்கே கடல் இருப்பதால் இந்த ஊர் வடக்கும் தெற்கும் மேற்குமாகத்தான் நீண்டிருக்கிறது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஒரே ரயில் பாதையோ ஒரே பஸ்ஸோ இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரு மெட்ரோ பாதை. சென்ட்ரலிலிருந்து அண்ணா நகர், கோயம்பேடு வழியாகப் பரங்கிமலைக்கு இன்னொன்று. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் 29சி பஸ்ஸும் இருக்கிறது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மாதச் செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) வேலை, ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வீடு என்ற கணக்கில்தான். வரைபடத்தில் பார்த்தால் ஈசிஆரின் நீலாங்கரையும் ஓஎம்ஆரின் துரைப்பாக்கமும் கைக்கெட்டும் தூரம். ஆனால் நடுவில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதைத் தாண்டிப் போகும் சாலைகள் குறைவு. திருவான்மியூர்ப் பக்கம் வடக்கே ஏறியோ, சோழிங்கநல்லூர்–அக்கரைச் சாலை வரை தெற்கே இறங்கியோ சுற்ற வேண்டியிருக்கும். வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் ஞாயிற்றுக்கிழமை காலையை விட்டுவிட்டு, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அந்த வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஓஎம்ஆர் நெடுக மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடப்பதால் இது இன்னும் முக்கியம்.

மூன்றாம் படி: பகுதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வடக்கிலிருந்து தொடங்குகிறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். வடசென்னை என்றதும் முகம் சுளிப்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபின் அண்ணா சாலைக்குப் போவது எளிதாகிவிட்டது. வாடகை தெற்கைவிடக் குறைவு, அக்கம்பக்கத்தார் உதவி அதிகம். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் சாப்பிடலாம். ஆனால் இங்கே கடல் இருக்கும், மணல் இருக்காது. 1870களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவரின் தென்பக்கம் தேங்கிவிடுகிறது. மெரினா அவ்வளவு அகலமானது அதனால்தான். வடபக்கம் கரை அரித்துப்போய், இன்று ராயபுரத்திலிருந்து மேலே பெரும்பாலும் பாறாங்கல் கொட்டிய கரை. எண்ணூரை நெருங்கினால் அனல்மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைக் காற்றும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது படகும் வலையும் கறுப்பாகிப் போனதை நேரில் பார்த்தேன். மூச்சுத்திணறல் உள்ள குழந்தையோ பெரியவரோ வீட்டில் இருந்தால் எண்ணூர்ப் பக்கம் வேண்டாம்.

மயிலாப்பூர், சாந்தோம், பட்டினப்பாக்கம். நடந்தே எல்லாம் முடியும் என்பதுதான் மயிலாப்பூரின் பெரிய வரம். மாட வீதிக் காய்கறி, லஸ் கடைகள், பறக்கும் ரயில், கிழக்கே ஒரு கிலோமீட்டரில் கடல். பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழா அன்று தெருவுக்குள் வண்டி வராது, அதற்குத் தயாராக இருங்கள். பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் இருக்காது, பார்க்கிங் இருக்காது. இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இங்கேயும் நகரின் வேறு சில பகுதிகளிலும் "சைவக் குடும்பத்துக்கு மட்டும்" என்று டூலெட் போர்டிலேயே எழுதுவார்கள், சிலர் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். என் நண்பர்கள் சிலர் பெயரைச் சொன்னவுடனே "வீடு போயிடுச்சு" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார்கள். அது அநியாயம். அப்படிக் கேட்கும் ஓனரிடம் மல்லுக்கட்டி உள்ளே போனாலும் நிம்மதி இருக்காது. அதே தெருவில் எதுவும் கேட்காத ஓனரும் இருப்பார், தேடுங்கள்.

பெசன்ட் நகர். எலியட்ஸ் கடற்கரை, மரங்கள் நிழல் விழும் அவென்யூக்கள், கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம், அஷ்டலட்சுமி கோயில், பக்கத்திலேயே ஊரூர் குப்பம். காலை ஐந்தரைக்கு இந்தக் கடற்கரை எனக்குச் சென்னையிலேயே பிடித்த இடம். வாடகைதான் தாங்காது. கடலை ஒட்டிய இரண்டு மூன்று தெருக்களில் சனி, ஞாயிறு சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் உங்கள் வண்டியையே நிறுத்த முடியாது. ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை கூட்டம். அந்தக் கூட்டம் பிடிக்கும் என்றால் நல்லது, பிடிக்காது என்றால் நான்கு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள்.

திருவான்மியூர். மருந்தீசுவரர் கோயிலைச் சுற்றி ஒரு பழைய ஊர், வால்மீகி நகரில் கடலோர அமைதி, மேற்கே டைடல் பார்க். குடும்பத்தோடு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று தெற்கே போகப் போக வீடு பெரிதாகும், கடல் நெருங்கும். பஸ்ஸை விட்டால் வேறு வழி குறையும், சொந்த வண்டி அவசியமாகும்.

வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணை, ஓஎம்ஆர். வேலைக்குப் பக்கம், புதுக் கட்டடம், லிஃப்ட், கடைகள். மழைதான் பிரச்சினை, அதைக் கீழே சொல்கிறேன். பெருங்குடி குப்பைக் கிடங்கின் வாடை மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும் நாளில் எவ்வளவு தூரம் வருகிறது என்பதையும் விசாரியுங்கள். பல பெரிய குடியிருப்புகள் இன்றும் லாரித் தண்ணீரில்தான் ஓடுகின்றன.

அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர் மூன்றும் திட்டமிட்டுப் போட்ட தெருக்கள், மெட்ரோ கிட்டே, பள்ளி, மருத்துவமனை எல்லாம் உண்டு. கடல் தள்ளி இருப்பதால் மே மாதம் கூடுதலாகக் கொதிக்கும். அது பரவாயில்லை என்றால் வேறு பெரிய குறை இல்லை.

நான்காம் படி: வீட்டைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பாருங்கள்

மழையில் தொடங்குகிறேன். 2015 டிசம்பர் 1 இரவு வேளச்சேரியில் எங்கள் கட்டில் மிதந்தது. தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை, குளியலறைத் துளை வழியாகப் பொங்கி வந்தது. ஒரு மணி நேரத்தில் முழங்கால், விடிவதற்குள் இடுப்பு. மாடி வீட்டு அக்கா கதவைத் திறந்து எங்களை மேலே ஏற்றிக்கொண்டார். மூன்று நாள் அங்கேதான் இருந்தோம். அந்தப் பகுதி சதுப்பு நிலத்துக்கும் ஏரிக்கும் தண்ணீர் போகும் வழியில் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே தெருக்களில் மறுபடியும் படகு ஓடியது. 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி எங்கே வீடு பார்த்தாலும் தரைத்தளத்தை மறந்துவிடுங்கள்.

ஓனரிடமும் புரோக்கரிடமும் "தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் "நிக்கவே நிக்காது சார்" என்றுதான் வரும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். எந்த வீடு காலி என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். திருவான்மியூரில் நான் அப்படித்தான் வீடு பிடித்தேன்.

"அண்ணே, இந்தத் தெருவுல மழைக்கு எப்படி?"

"அந்தக் கோடி வரைக்கும் முட்டி அளவு வரும் தம்பி. நீங்க பாக்குற வீடு மேடு, படியில ரெண்டு ஏறும், உள்ள வராது. கரண்ட்தான் ரெண்டு நாள் போச்சு."

எந்த விளம்பரத்திலும் இவ்வளவு சரியான தகவல் கிடைக்காது. கேட்கும்போது 2015, 2023 என்று வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள், பதில் தெளிவாக வரும். பிறகு உங்கள் கண்ணால் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் பழுப்பாக நேர்கோடு தெரிகிறதா? மின் மீட்டர் பெட்டியைத் தூக்கி உயரத்தில் மாற்றியிருக்கிறார்களா? முக்கியமாக, சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தரையோடு தரையாக இருக்கிறதா, ஒரு அடியாவது உயர்த்திக் கட்டியிருக்கிறதா? தரையோடு இருந்தால் வெள்ளத்தில் சாக்கடை நேராகக் குடிதண்ணீரில் இறங்கிவிடும்.

அடுத்தது தண்ணீர். மெட்ரோ வாட்டரா (குடிநீர் வாரியத் தண்ணீர்), போர்வெல் தண்ணீரா, லாரியா? மூன்றுமா? கடலோரத்தில் நல்ல மணல் நிலத்தில் இனிப்பான நீர் கிடைக்கும் தெருவும் உண்டு, அளவுக்கு மீறி உறிஞ்சியதால் உப்பேறிய தெருவும் உண்டு, இரண்டும் அடுத்தடுத்தே இருக்கும். சமையலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து சொரசொரப்பாக இருந்தால் கடின நீர், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டர் வருடத்துக்கு ஒருமுறை போகும். ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "2019 கோடையில எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேளுங்கள். அந்த வருடம் ஜூனில் ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஊரே ஓடியது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024இல் வந்தபின் தெற்கே நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் லாரித் தண்ணீர்ச் செலவு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா, தனியா என்பதை அட்வான்ஸுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

காற்றும் உப்பும். கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி உள்ளே நுழையும். மேல்காற்று பலமாக இருக்கும் மே, ஜூன் நாள்களில் அது தாமதமாகும், அன்று திருவான்மியூரும் அண்ணா நகரும் ஒன்றாகத்தான் வேகும். ஜன்னல் தெற்கிலோ கிழக்கிலோ திறந்தால், எதிரே உயரமான கட்டடம் மறைக்காமல் இருந்தால், சாயங்காலம் ஃபேன் கூட வேண்டாம். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தும் நல்ல காற்று வரும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், கடலோரத்திலேயே காற்று நுழையாத வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

கடலுக்கு மிக அருகில் என்றால் உப்பு எல்லாவற்றிலும் ஏறும். திருவான்மியூர் வீட்டில் பூட்டுக்கு மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் விடுவேன், ஒரு மாதம் மறந்தால் சாவி திரும்பாது. கிரில்லின் அடிப்பாகம், தரையைத் தொடும் இடத்தில், செதில் செதிலாக உரிந்து விரலில் பழுப்புத் தூளாக ஒட்டும். அப்பளத்தை டப்பாவில் வைத்தாலும் இரண்டு நாளில் துவண்டுவிடும். ஏசி வெளிப்பெட்டியின் தகடுகள் பொடிப்பொடியாகும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது. வீடு பார்க்கப் போகும்போது தலையைத் தூக்கி சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பால்கனி மேற்கூரையையும் பாருங்கள். கம்பி போன திசையிலேயே நீளமான வெடிப்போ, பூச்சு உதிர்ந்து துருக் கம்பி தெரிவதோ இருந்தால், புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் திரும்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பணமும் காகிதமும்

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள், பத்தில் தொடங்கி ஐந்தாறுக்கு இறங்கி வருவார்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அந்தச் சட்டப்படி பதிவும் செய்துகொள்ளுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். ஒரு ஓனர் என்னிடம் இரண்டு மாத வாடகையைப் பெயின்டிங் என்று பிடித்துக்கொண்டார், காகிதத்தில் எதுவும் இல்லாததால் வாயடைத்து நின்றேன்.

கரண்ட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் வீடுகளில் இந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது. மின்சாரப் புகாருக்கு 94987 94987, மாநகராட்சிக்கு 1913. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள்.

ஆறாம் படி: கடலோரத்தில் குடியேறியபின்

உங்களுக்கு முன்பே அங்கே குடியிருப்பவர்கள் மீனவர்கள். ஊரூர் குப்பம், நொச்சிக்குப்பம், கொட்டிவாக்கம் குப்பம் எல்லாம் நம் அடுக்குமாடிகளைவிட மூத்தவை. மணலில் வலை காயப்போட்டிருந்தால் சுற்றிப் போங்கள், மிதிக்காதீர்கள். படகின் மேல் உட்காராதீர்கள். வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கும்போது படகுகள் அழகைக் கெடுக்கின்றன என்று குடியிருப்போர் சங்கத்தில் யாராவது பேசினால், தயவுசெய்து எதிர்த்துப் பேசுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை முதலில் வந்தது அவர்கள் வீட்டுக்குள்தான்.

மீன் வாங்க விடியற்காலை காசிமேடு போகலாம். வீட்டுக்கு வேண்டிய ஒரு கிலோ இரண்டு கிலோவுக்கு மெரினா லூப் சாலையில் 2024இல் மாநகராட்சி திறந்த மீன் அங்காடி போதும். ஒரே அக்காவிடம் தொடர்ந்து வாங்குங்கள். நான்காவது வாரம் அவரே, "இன்னிக்கு வஞ்சிரம் வேணாம், ஐஸ் வச்சது. சங்கரா எடுத்துக்க" என்பார்.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெரினாவிலும் எலியட்ஸிலும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் அடியில் இழுப்பு இருக்கும். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால், ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள்தான் முதலில் இறங்குவார்கள். அவர்களிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலான கரைக்கு வரும். 1988 முதல் ஒரு மாணவர் அமைப்பு இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. பொதுமக்களையும் சில இரவுகளில் உடன் அழைத்துப் போகிறார்கள், குழந்தைகளோடு ஒருமுறை போய் வாருங்கள். பொரித்து வரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் நகரும். கடலைப் பார்த்த வீடு கிடைத்தால், அந்த மாதங்களில் பால்கனி விளக்கையும் மொட்டை மாடி விளக்கையும் பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள், உங்கள் அடுக்குமாடியில் மற்றவர்களிடமும் சொல்லுங்கள்.